இந்த வீட்டுக்கு வயது என்ன?

திருச்சி மலைக்கோட்டையின் உச்சியில் ஏறி நின்று வடக்கே பாருங்கள். முதலில் காவிரி தெரியும். ஆற்றுக்கு அப்பால் தென்னந்தோப்புகள். தோப்புகளுக்கு மேலே ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள். எல்லாவற்றுக்கும் உயரமாக நிற்கிறதே, அதுதான் ராஜகோபுரம். 236 அடி உயரம். பல நூற்றாண்டுகள் பாதியில் நின்றிருந்த அந்தக் கோபுரம் 1987-ல்தான் பூர்த்தியாயிற்று.

இப்போது கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். கோபுரங்களைச் சுற்றி வீடுகள். ஒரு காலத்தில் இங்கே கண்ணுக்கு எட்டிய வரை சிவப்பு ஓடுதான் தெரிந்தது. இன்று நடுநடுவே வெள்ளைப் பெட்டிகள் மாதிரி அடுக்கு மாடிகள் எழுந்து நிற்கின்றன. மாடிகளின் மேல் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள்.

கோபுரத்தை இடிக்க யாரும் நினைக்க மாட்டார்கள். குகைக் கோயிலை இடிக்கவும் யாரும் துணிய மாட்டார்கள். ஆனால் வீடு? வீடு தனி மனிதரின் சொத்து. அவர் நினைத்தால் வைத்திருக்கலாம். நினைத்தால் இடித்து விடலாம்.

அப்படியானால் பழைய வீடுகளில் எதைக் காப்பாற்ற வேண்டும்? எதை விட்டு விடலாம்? "இது சரித்திர முக்கியத்துவம் உள்ள வீடு" என்று எதை வைத்துச் சொல்வது?

கேள்வி சுலபம். பதில் அவ்வளவு சுலபம் அல்ல.

பழசு என்றால் போதுமா?

"எங்கள் வீடு இருநூறு வருஷத்து வீடு" என்று பலரும் பெருமையாகச் சொல்வார்கள். வயது ஒரு பெருமைதான். சந்தேகம் இல்லை. ஆனால் வயது மட்டும் போதாது. நூறு வயது ஆகிவிட்டது என்பதற்காக எல்லா வீட்டையும் காப்பாற்றுவது என்றால், ஊரில் ஒரு செங்கல்லைக் கூட நகர்த்த முடியாது.

உலகம் முழுவதும், பழைய வீடுகளை எடை போடுகிறவர்கள் ஏறக்குறைய நான்கு கேள்விகளைக் கேட்கிறார்கள்.

ஒன்று: இந்த வீட்டில் என்ன நடந்தது? யார் வாழ்ந்தார்கள்?

இரண்டு: இதைக் கட்டிய விதத்தில் ஏதாவது விசேஷம் உண்டா?

மூன்று: பழைய வீட்டில் இன்று எவ்வளவு மிச்சம் இருக்கிறது?

நான்கு: இந்த வீடு போய்விட்டால் தெருவுக்கு என்ன நஷ்டம்?

திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் வைத்தே இந்த நான்கு கேள்விகளையும் பார்ப்போம்.

ஒரு வீட்டு வாசலில் புறப்பட்ட படை

1930-ம் வருஷம், ஏப்ரல் 13. குஜராத்தில் காந்திஜி தண்டிக்கு நடந்து சென்று உப்பு எடுத்த ஒரு வாரத்துக்குள், தமிழ்நாட்டிலும் ஒரு படை புறப்பட்டது. ராஜாஜி தலைமை. ஏறக்குறைய நூறு தொண்டர்கள். கையில் ஆயுதம் கிடையாது. 150 மைல் நடந்து, ஏப்ரல் 28-ல் வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள். 30-ந் தேதி உப்பு அள்ளினார்கள். சிறை சென்றார்கள்.

அந்தப் படை எங்கிருந்து புறப்பட்டது? அரண்மனையிலிருந்து அல்ல. மைதானத்திலிருந்தும் அல்ல. திருச்சி கன்டோன்மெண்டில் இருந்த டாக்டர் டி. எஸ். எஸ். ராஜனின் வீட்டிலிருந்து! ராஜன் ஸ்ரீரங்கத்துக்காரர். ஊரறிந்த வைத்தியர்.

ஒரு வீட்டுக்குச் சரித்திரம் வருவது இப்படித்தான். அந்த வீட்டின் தூண் தேக்கா, மாமரமா என்று யாரும் கேட்கப் போவதில்லை. அதன் வாசற்படியில் இறங்கிய கால்கள்தான் அதற்குப் பெருமை.

இன்னும் இருக்கிறது. ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்தில் திருவானைக்காவல். அங்கே தாத்தா வீட்டில் 1888 நவம்பர் 7-ந் தேதி ஒரு குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தை வளர்ந்து 1930-ல் நோபல் பரிசு வாங்கியது. அவர்தான் சர். சி. வி. ராமன்.

திருச்சி தெப்பக்குளத்தின் அருகில் 'கிளைவ் வீடு' என்று ஒரு கட்டிடம் உண்டு. 1750-களில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் திருச்சிக்காக மோதிய காலத்தில் ராபர்ட் கிளைவ் அங்கே தங்கினார் என்பது வரலாறு. பிற்பாடு அது செயிண்ட் ஜோசப் கல்லூரியின் வசம் வந்தது. மாணவர் விடுதியாயிற்று. நாடு பிடிக்க வந்தவர் படுத்த இடத்தில், நம் வீட்டுப் பிள்ளைகள் பாடம் படித்தார்கள்! பழைய கட்டிடத்துக்கு இதை விட நல்ல மறுவாழ்வு என்ன வேண்டும்?

எழுத்தாளர் சுஜாதா சிறு வயதில் ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர். அந்தத் தெருக்களையும் திண்ணைகளையும் மனிதர்களையும் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' கதைகளில் எழுதி வைத்தார். அந்தக் கதைகளைப் படித்துவிட்டு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தெருவைத் தேடுகிறார்கள். கதையில் உள்ள திண்ணையைத் தெருவில் காணோம் என்றால் அவர்களுக்கு ஏமாற்றம்தானே?

லண்டன் நகரத்தில் 1860-களிலேயே ஒரு வழக்கம் ஆரம்பமாயிற்று. பிரபலமானவர்கள் வாழ்ந்த வீட்டுச் சுவரில் வட்டமான பலகை பதிப்பார்கள். 'இன்னார் இந்த வீட்டில் வாழ்ந்தார்' என்று இரண்டே வரி. அதிகம் செலவில்லை. ஆனால் தெருவில் போகிற சிறுவன் கூட நின்று படிக்கிறான்.

வாசலில் நின்றால் கொல்லை தெரியும்

பெரிய மனிதர் யாரும் வாழாத வீடு என்றால் பெருமை கிடையாதா? உண்டு. கட்டிய கை இருக்கிறதே!

பழைய ஸ்ரீரங்கத்து வீட்டின் அமைப்பைப் பாருங்கள். தெருவை ஒட்டித் திண்ணை. வழிப்போக்கர் யாரும் உட்காரலாம். உட்கார அனுமதி கேட்க வேண்டாம். திண்ணையைத் தாண்டினால் ரேழி. ரேழியைத் தாண்டினால் கூடம். கூடத்தின் நடுவே முற்றம். முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம். அப்பால் அடுக்களை. அதற்கும் அப்பால் கிணறு, கொல்லை.

வீடு அகலம் குறைவு, நீளம் அதிகம். வாசற்படியில் நின்று பார்த்தால் கொல்லைக் கதவு நேராகத் தெரியும். இது அழகுக்காக மட்டும் செய்தது அல்ல. முற்றத்தில் சூடான காற்று மேலே போகும். வாசல் வழியாகவும் கொல்லை வழியாகவும் புதுக் காற்று உள்ளே வரும். மின்சார விசிறி இல்லாத காலத்தில் திருச்சி வெயிலைத் தாங்கியது இந்த வழியில்தான்.

சுவருக்குச் சுண்ணாம்புக் காரை. சுண்ணாம்பை நீற்றி, மணல் சேர்த்து, நன்றாக அரைத்து, கடுக்காய் நீரும் வெல்லமும் கலந்து பூசுவார்கள். இந்தக் காரை மூச்சு விடும் காரை. சுவருக்குள் ஈரம் போனால் அதை வெளியே விட்டுவிடும்.

மாடி என்றால் அதற்கு 'மெட்ராஸ் டெரஸ்' என்று பெயர். தேக்கு உத்தரங்களை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, குறுக்குச் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்புக் கலவையால் இறுக்குவார்கள். அதன் மேல் தளம். இரும்புக் கம்பியும் சிமெண்டும் இல்லாமல் நூறு வருஷம் நிற்கிறது. இன்று இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் சொற்பம். அந்தத் தளம் ஒன்று இடிந்தால், வீடு மட்டும் போவதில்லை. வேலையைக் கற்றுக் கொள்ள உதவும் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் கிழிகிறது.

வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

"இருநூறு வருஷம்" என்று தாத்தா சொன்னார். அவருக்கு அவருடைய தாத்தா சொன்னார். இதைச் சாட்சியாக ஏற்க முடியுமா? ஏற்கலாம்; ஆனால் சரிபார்க்க வேண்டும். இது கிட்டத்தட்ட துப்பறியும் வேலை!

முதல் தடயம் ஓடு. உங்கள் வீட்டு ஓட்டைத் திருப்பிப் பாருங்கள். தட்டையான ஓடாக இருந்து, அதில் தொழிற்சாலையின் பெயர் எழும்பியிருந்தால் அது மங்களூர் ஓடு. மங்களூரில் முதல் ஓட்டுத் தொழிற்சாலை 1865-ல் ஏற்பட்டது. ஆகவே அந்த ஓடு அதற்கு முந்தியதாக இருக்கவே முடியாது. சரி, அப்படியானால் வீடும் அதற்குப் பிந்தியதுதானா? அவசரப்படக் கூடாது. முன்பு நாட்டு ஓடு வேய்ந்திருந்து, பிறகு மாற்றியிருக்கலாம். ஓடு சொல்வது ஓட்டின் வயதை. சுவரின் வயதைச் சுவரிடம்தான் கேட்க வேண்டும்.

இரண்டாவது தடயம் செங்கல். பழைய செங்கற்கள் பல மெல்லியவை. காரை உதிர்ந்த இடத்தில் பார்த்தால் தெரியும். ஒரே சுவரில் கீழே மெல்லிய கல்லும் மேலே தடித்த கல்லும் இருந்தால், மேல் பாகம் பிற்பாடு கட்டியது என்று ஊகிக்கலாம்.

மூன்றாவது தடயம் இரும்பு. சில வீடுகளில் இரும்பு உத்தரம் இருக்கும். அதில் சீமைக் கம்பெனியின் பெயர் பொறித்திருக்கும். அந்தக் கம்பெனி எப்போது தொடங்கியது என்று பார்த்தால், அந்த உத்தரத்துக்கு ஒரு கால எல்லை கிடைத்துவிடும்.

நான்காவது தடயம், எல்லாவற்றிலும் பலமானது, பத்திரம். நம் ராஜதானியில் பத்திரப் பதிவு முறை 1860-களில் வந்தது. பரணில் இருக்கும் பழைய கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அதில் 'காலி மனை' என்று இருக்கிறதா, 'ஓட்டு வீடு' என்று இருக்கிறதா? காலி மனை என்றால் வீடு அந்தத் தேதிக்குப் பிறகுதான் எழும்பியது. ஓட்டு வீடு என்றால் அப்போதே ஒரு வீடு நின்றது என்று அர்த்தம்.

உங்கள் பத்திரம் தொலைந்து போயிற்றா? கவலைப்பட வேண்டாம். பக்கத்து வீட்டுப் பத்திரத்தைக் கேளுங்கள். அதில் நான்கு எல்லை எழுதியிருக்கும். 'இன்னார் வீட்டுக்கு மேற்கே' என்று இருந்தால், அந்த இன்னார் உங்கள் கொள்ளுத் தாத்தாவாக இருக்கலாம்! நகராட்சியின் பழைய வரிப் பதிவும், டவுன் சர்வே பதிவும் இதற்குத் துணை செய்யும்.

எல்லாத் தடயத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது, இருநூறு என்று சொன்ன வீடு நூற்றுப் பத்தாக இறங்கலாம். அதனால் வெட்கப்பட ஒன்றும் இல்லை. உண்மையான நூற்றுப் பத்து, கற்பனையான இருநூறை விட மதிப்பு அதிகம்.

எவ்வளவு மிச்சம்?

மூன்றாவது கேள்வி சங்கடமானது. வீடு பழையதுதான். ஆனால் திண்ணையை இடித்துக் கார் நிறுத்த இடம் செய்தாயிற்று. முற்றத்தை மூடிக் காங்கிரீட் போட்டாயிற்று. தூண்களைக் கழற்றி விற்றாயிற்று. மிச்சம் இருப்பது நான்கு சுவர். இதைப் பழைய வீடு என்று சொல்லலாமா?

எடை போடுகிறவர்கள் இதில் மாற்றங்களை இரண்டு வகையாகப் பிரிக்கிறார்கள். திருப்பி எடுக்கக் கூடிய மாற்றம் ஒன்று. திருப்ப முடியாத மாற்றம் மற்றொன்று. முற்றத்துக்கு மேலே கம்பி வலை போட்டால் நாளைக்கே எடுத்து விடலாம். மின்சாரம் இழுத்தால், கழிவறை கட்டினால் அது குற்றம் அல்ல. மனிதர் வாழ வேண்டாமா? ஆனால் திண்ணையை இடித்தால், தூணை விற்றால், அது போனது போனதுதான்.

இதில் பொல்லாத மாற்றம் ஒன்று உண்டு. நல்லது செய்வதாக நினைத்துச் செய்வது அது. சுண்ணாம்புச் சுவர் உதிர்கிறது என்று அதன் மேல் சிமெண்ட் பூசுவார்கள். சிமெண்ட் மூச்சு விடாது. ஈரம் உள்ளேயே தங்கும். இரண்டு மூன்று மழைக்காலத்தில் சிமெண்ட் பாளம் பாளமாகக் கழன்று, பழைய செங்கல்லையும் பெயர்த்துக் கொண்டு விழும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான் மருந்து.

தெரு ஒரு மாலை

நான்காவது கேள்வி தெருவைப் பற்றியது. ஸ்ரீரங்கத்தில் இது மிக முக்கியம்.

ஊர்கள் சாதாரணமாகக் கோயிலுக்கு வெளியே இருக்கும். ஸ்ரீரங்கத்திலோ ஊரே மதிலுக்குள் இருக்கிறது. கோயிலுக்கு ஏழு சுற்று மதில்கள். 21 கோபுரங்கள். வெளிச் சுற்றுகளில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். பால்காரர் வருகிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிறார்கள். தை மாதத்தில் தேர் உத்திர வீதிகளைச் சுற்றி வருகிறது. சித்திரை மாதத்தில் சித்திரை வீதிகளைச் சுற்றி வருகிறது.

தேர் வரும்போது தெருவில் யார் நிற்கிறார்கள்? வீடுகளும்தான் நிற்கின்றன! ஒரே உயரத்தில், திண்ணை ஒட்டித் திண்ணையாக, ஓடு ஒட்டி ஓடாக. தனித்தனியே பார்த்தால் அந்த வீடுகளில் பெரிய விசேஷம் இல்லாமல் இருக்கலாம். சேர்ந்து நிற்பதுதான் விசேஷம். மாலையில் ஒரு பூ உதிர்ந்தால் பூவுக்கு மட்டும் நஷ்டம் அல்ல, மாலைக்கே நஷ்டம்.

ஸ்ரீரங்கம் கோயிலைத் திருப்பணி செய்து புதுப்பித்த விதத்துக்காக 2017-ல் யுனெஸ்கோ நிறுவனம் விருது அளித்தது. 2014-ல் இந்தியா அனுப்பிய உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலிலும் ஸ்ரீரங்கம் கோயில் இடம் பெற்றது. கோயிலுக்குக் கிடைத்த இந்தக் கவனத்தில் ஒரு பங்காவது தெருக்களுக்குக் கிடைக்க வேண்டாமா?

கோட்டை போனது, பெயர் நின்றது

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் திருச்சியிலேயே அத்தாட்சி உண்டு. மலையைச் சுற்றி ஒரு காலத்தில் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். அந்த இடத்தில் விசாலமான சாலைகள் போட்டார்கள். அப்படிப்பட்ட சாலையை ஆங்கிலத்தில் 'புலவார்ட்' என்பார்கள். ஜனங்கள் வாயில் அது 'புலிவார்டு' ஆயிற்று. இன்றும் மேலப்புலிவார்டு ரோடு, கீழப்புலிவார்டு ரோடு என்றுதான் பெயர். புலிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை!

கோட்டை வாசல்களில் மெயின்கார்டு கேட் மட்டும் நிற்கிறது. பஸ்ஸில் போகிற ஆயிரக்கணக்கானவர்களுக்கு அது ஒரு பஸ் நிற்கும் இடம். அவ்வளவுதான்.

பெரிய வீடு மட்டுமா?

பாரம்பரிய வீடு என்றாலே பலருக்கும் தேக்குத் தூணும் பெரிய கூடமும்தான் நினைவுக்கு வரும். அப்படியானால் பணக்காரர் வீட்டுக்கு மட்டும்தான் சரித்திரமா?

பொன்மலைக்குப் போய்ப் பாருங்கள். ரெயில்வே தொழிற்சாலை நாகப்பட்டினத்திலிருந்து 1920-களின் பிற்பகுதியில் பொன்மலைக்கு மாறியது. அதோடு தொழிலாளர் குடியிருப்புகளும் எழுந்தன. சின்னச் சின்ன வீடுகள். வரிசை வரிசையாக. 1946 செப்டம்பர் 5-ந் தேதி அங்கே தொழிலாளர் மீது நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் 5 பேர் உயிர் இழந்தார்கள். அந்தக் குடியிருப்பில் தேக்குத் தூண் இல்லை. சரித்திரம் இல்லையா?

உறையூரில் நெசவாளர் வீடுகள் உண்டு. தறிக் குழிக்கு இடம் விட்டுக் கட்டிய வீடு என்றால், அந்தக் குழியே ஒரு சாசனம். பட்டியல் போடுகிறவர்கள் மாடமாளிகையை மட்டும் பார்த்துவிட்டுப் போனால், ஊரின் பாதிக் கதை விட்டுப் போகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய சர்க்காரின் தொல்லியல் சட்டம் 1958-ல் வந்தது. தமிழ்நாட்டுச் சட்டம் 1966-ல் வந்தது. மத்தியச் சட்டத்தின்படி, குறைந்தது நூறு வருஷம் ஆன சின்னங்களைத் தேசிய முக்கியத்துவம் உள்ளவை என்று அறிவிக்கலாம். மலைக்கோட்டையின் பல்லவர் குகைகள் மாதிரியான இடங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தும். குடும்பம் வாழ்கிற வீட்டுக்கு இது பெரும்பாலும் பொருந்தாது.

வீடுகளுக்கு வேறு வழி வேண்டும். பம்பாய் நகரம் 1995-ல் அந்த வழியைக் காட்டியது. பாரம்பரியக் கட்டிடங்களை மூன்று தரமாகப் பிரித்தார்கள். முதல் தரம் என்றால் கிட்டத்தட்ட தொடக் கூடாது. இரண்டாம் தரம் என்றால் உள்ளே அவசியமான மாற்றம் செய்யலாம். மூன்றாம் தரம் என்றால் தெருவின் தோற்றம் கெடாதபடி இன்னும் தாராளமாக மாற்றலாம். சாதாரண வீடுகள் பலவும் இந்த மூன்றாம் தரத்தில்தான் வரும்.

சென்னையில் ஒரு வழக்கு நடந்தது. மவுண்ட் ரோட்டில் 1897-ம் ஆண்டில் கட்டிய பாரத் இன்ஷூரன்ஸ் கட்டிடத்தை 2006-ல் இடிக்க ஆரம்பித்தார்கள். விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2010-ல் உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பாரம்பரியக் கட்டிடங்களைக் கவனிக்க ஒரு குழு வேண்டும் என்றும் சொன்னது.

2012-ல் தமிழகச் சட்டசபை பாரம்பரிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. தொல்லியல் சட்டங்களில் அடங்காத கட்டிடங்களைக் காப்பதுதான் அதன் நோக்கம். ஆனால் சட்டம் உடனே செயலுக்கு வரவில்லை. பல வருஷங்கள் காகிதத்திலேயே இருந்தது. காகிதத்தில் சட்டம் இருந்த காலத்தில் தெருவில் வீடுகள் விழுந்து கொண்டிருந்தன.

அண்ணன் தம்பி நியாயம்

சட்டத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அதுதான் வீட்டுக்காரரின் கஷ்டம்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பாருங்கள். அப்பா காலமாகிவிட்டார். அண்ணன், தம்பி இருவருக்கும் பழைய வீடு பொது.

"அண்ணா, ஓட்டை மாற்றியே வருஷா வருஷம் பணம் போகிறது. பிளாட் கட்டித் தருகிறேன் என்கிறார்கள். கொடுத்து விடலாம்" என்கிறார் தம்பி.

"அப்பா உட்கார்ந்து பேப்பர் படித்த திண்ணைடா இது" என்கிறார் அண்ணன்.

"திண்ணையைப் பார்த்துக் கொண்டே இருந்தால், என் பெண்ணுக்குக் காலேஜ் சம்பளம் யார் கட்டுவது, அண்ணா?"

அண்ணன் பதில் சொல்லவில்லை. என்ன பதில் சொல்ல முடியும்? இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

ஸ்ரீரங்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதற்கு 'அடிமனை' என்று பெயர். வீடு நிற்கிற மனை யாருக்குச் சொந்தம்? கோயிலுக்கா, குடியிருப்பவருக்கா? கோர்ட்டு வரை போன விவகாரம் இது. மனை யாருடையது என்றே சந்தேகம் என்றால், சுண்ணாம்பு அடிக்க யாருக்கு மனம் வரும்?

ஆகவே "இது சரித்திர வீடு, தொடாதே" என்று ஒரு பலகையை மாட்டிவிட்டுப் போனால் போதாது. வீட்டைக் காப்பாற்றுகிறவரையும் காப்பாற்ற வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. பம்பாயில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். பாரம்பரியக் கட்டிடத்தின் சொந்தக்காரர் தன் மனையில் மேலே மாடி எழுப்ப முடியாது அல்லவா? அந்த மாடியின் அளவை அவர் விற்கலாம். வாங்குகிறவர் வேறு இடத்தில் அந்த அளவுக்குக் கூடுதலாகக் கட்டிக் கொள்ளலாம். வீடும் நின்றது, வீட்டுக்காரருக்குப் பணமும் வந்தது.

புதுச்சேரியில் வைசியாள் வீதி என்று ஒரு தமிழ்த் தெரு. அங்கே தனி வீட்டை அல்ல, தெருவின் முகப்பு வரிசையையே பழைய தோற்றத்துக்குக் கொண்டு வந்தார்கள். ஐரோப்பிய உதவியும் உள்ளூர் உதவியும் சேர்ந்தன. வீட்டுக்காரர்களும் ஒத்துழைத்தார்கள். 2008-ல் யுனெஸ்கோ விருது கிடைத்தது.

அதே புதுச்சேரியில் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கடற்கரையில் கம்பீரமாக நின்ற பழைய 'மேரி' கட்டிடம் பல காலம் பழுது பார்க்காமல் கிடந்தது. 2014 நவம்பரில் மழையில் இடிந்து விழுந்தது. பிறகு அதே மாதிரி புதிதாகக் கட்டி 2021-ல் திறந்தார்கள். பழுது பார்க்கும் செலவு எங்கே, புதிதாகக் கட்டும் செலவு எங்கே!

சிங்கப்பூரில் நம்மவர்கள் வாழ்ந்த 'லிட்டில் இந்தியா' பகுதியை 1989-லேயே பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள். நியூயார்க் நகரத்தில் பென் ஸ்டேஷன் என்ற பிரம்மாண்டமான ரெயில் நிலையத்தை 1963-ல் இடிக்கத் தொடங்கினார்கள். ஊரே வருந்தியது. இரண்டே வருஷத்தில், 1965-ல், பாரம்பரியக் கட்டிடங்களைக் காக்கச் சட்டம் கொண்டு வந்தார்கள். ஆனால் போன ஸ்டேஷன் போனதுதான்.

இன்றைக்கே செய்யலாம்

சர்க்கார் வரட்டும், கமிஷன் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு குடும்பமும் இன்றைக்கே செய்யக் கூடிய காரியங்கள் சில உண்டு.

பரணில் உள்ள பத்திரங்களை எடுத்து வெயிலில் காட்டி, ஒரு நகல் எடுத்து வையுங்கள். கரையானுக்குச் சரித்திரம் தெரியாது.

வீட்டைப் படம் எடுங்கள். வாசல், திண்ணை, தூண், கதவு, முற்றம், ஓட்டின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் எடுங்கள். இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது.

வீட்டில் வயதான பாட்டி, தாத்தா இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். முன்பு கிணறு எங்கே இருந்தது? திண்ணைப் பள்ளிக்கூடம் நடந்ததா? வெள்ளத்தில் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது? கேட்டதை ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதப் பழகிய பிள்ளைகளுக்கு இது நல்ல வேலை.

பழுது பார்ப்பது என்றால் முதலில் ஓட்டைப் பாருங்கள். ஒரு ஓடு நகர்ந்தால் மழை உள்ளே வரும். மழை வந்தால் உத்தரம் இற்றுப் போகும். உத்தரம் இற்றால் வீடே போகும். ஒரு ஓட்டின் விலையில் தடுக்கக் கூடிய நஷ்டம் அது.

இடித்தே தீர வேண்டும் என்ற நிலைமை சிலருக்கு வரலாம். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அப்படியானாலும் இடிப்பதற்கு முன்பு ஒரு நாள் ஒதுக்குங்கள். அளவு எடுங்கள். படம் எடுங்கள். வீடு போனாலும் அதன் கணக்கு மிஞ்சட்டும்.

மன்னர்கள் கல்லில் எழுதி வைத்தார்கள். அந்தக் கல்வெட்டுகளைப் படிக்க அறிஞர்கள் இருக்கிறார்கள். சாதாரண ஜனங்கள் தங்கள் கதையைச் செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் எழுதி வைத்தார்கள். அதைப் படிக்க வேண்டியவர்கள் அந்த வீட்டில் வாழ்கிறவர்கள்தான்.

இன்று மாலை உங்கள் வீட்டு ஓட்டின் அடிப்பக்கத்தை ஒரு தடவை பாருங்கள். அங்கே என்ன எழுதியிருக்கிறது?